1500 மீட்டரும் 100 மீட்டரும் ஒரே காலில்: தசையிழை வகைகளை அறிந்து காவலர் உடல்திறன் தேர்வுக்குத் தயாராகும் முறை

தமிழ்நாடு காவலர் தேர்வின் உடல்திறன் கட்டம் ஒரே உடம்பிடம் ஒன்றுக்கொன்று முரணான வேலைகளைக் கேட்கிறது. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பிறகு கயிறு ஏற வேண்டும், நீளமோ உயரமோ தாண்ட வேண்டும், 100 அல்லது 400 மீட்டர் ஓட வேண்டும். பெண்களுக்குத் தகுதி ஓட்டம் 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. நட்சத்திர மதிப்பெண்ணுக்கான (தாண்டும் தூரம், ஓடும் நேரம் ஆகியவற்றுக்கு ஏற்ப நட்சத்திரமாகத் தரப்படும் மதிப்பெண்) அளவுகளை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் வரிக்கு வரி படித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் தினமும் 5 கிலோமீட்டர் மூச்சு வாங்க ஓடிவிட்டு, 200 பஸ்கி எடுத்துவிட்டு, கால் நடுங்கும்போது 100 மீட்டர் ஓடிப் பார்க்கிறார்கள். இரண்டு மாதத்தில் 1500 மீட்டர் 7 நிமிடம் 15 விநாடியில் நின்றுவிடும், 100 மீட்டரோ முன்பைவிட மோசமாகும். இவர்கள் உழைப்பில் குறை இல்லை. எந்த இழையை எப்போது வேலைக்கு அழைப்பது என்ற வரிசைதான் தவறியிருக்கிறது.

1. மூன்று வகை இழைகளைப் பிரித்தறியுங்கள்

‘தசைநார்’ என்று பேச்சில் பல நேரம் சொல்வது தசையை எலும்போடு கட்டும் நாணை. இங்கே பேசுவது அதையல்ல, தசைக்குள் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருக்கும் மெல்லிய இழைகளை. மனிதரின் கை கால் தசைகளில் இவை மூன்று வகை.

முதல் வகை மெது இழை. மெதுவாகச் சுருங்கும், எளிதில் சோராது. ரத்த நுண்குழாய்களும் மைட்டோகாண்ட்ரியாவும் (ஆற்றல் உண்டாக்கும் நுண்ணுறுப்புகள்) நிறைந்திருப்பதால் ஆக்சிஜனைக் கொண்டு கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்து மணிக்கணக்கில் உழைக்கும்.

இரண்டாவது 2ஏ. வேகமாகச் சுருங்கும், ஆக்சிஜனையும் ஓரளவு நன்றாகவே பயன்படுத்தும். பயிற்சிக்கு ஏற்ப எந்தப் பக்கமும் வளைந்துகொடுப்பது இதுதான். 7 நிமிட ஓட்டத்தின் தலையெழுத்தைப் பெரிதும் தீர்மானிப்பதும் இதுதான்.

மூன்றாவது 2எக்ஸ். மூன்றிலும் வேகமானது, விரைவில் சோர்வதும் இதுவே. சேமிப்பில் உள்ள கிரியேட்டின் பாஸ்பேட் என்ற உடனடி எரிபொருளையும், ஆக்சிஜன் இல்லாமலே சிதைக்கக்கூடிய கிளைகோஜனையும் (தசையில் சேமித்த சர்க்கரை) நம்பி விநாடிக்கணக்கில் மட்டும் முழு வீச்சில் இயங்கும்.

ஒவ்வொரு தசையும் ஒரு கலவை. கெண்டைக்காலின் உள்ளே இருக்கும் சோலியஸ் தசையில் மெது இழைகளே மிகுதி, நாள் முழுக்க நம்மை நிற்க வைப்பது அது. முன்தொடையில் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. மேற்கையின் பின்புறத் தசையில் வேக இழைகள் அதிகம். இந்த விகிதத்தில் பிறவிக்கூறும் உண்டு, ஆளுக்கு ஆள் மாறும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். அதிகபட்ச எடையில் 80 சதவீதத்தை எத்தனை முறை தூக்க முடிகிறது என்று எண்ணி ‘உனக்கு வேக இழை அதிகம், உனக்குக் குறைவு’ என்று ஜிம்களில் சொல்வார்கள். அந்த எண்ணிக்கையைப் பழக்கம், உத்தி, மனஉறுதி எல்லாம் மாற்றிவிடும். இழை விகிதத்தை நேரடியாக அறிய ஊசியால் தசைத் துணுக்கு எடுத்துச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். தேர்வுக்குப் போகிறவருக்கு அது தேவையே இல்லை.

2. இழைகள் எழும் வரிசையை மனதில் பதியுங்கள்

மொத்தத் திட்டமும் இந்த ஒரு விதியின்மேல் நிற்கிறது. தண்டுவடத்திலிருந்து வரும் ஒரு நரம்பணுவும் அது இயக்கும் இழைகள் எல்லாமும் சேர்ந்து ஓர் இயக்க அலகு. ஓர் அலகுக்குள் இருக்கும் இழைகள் ஒரே வகை. சிறிய நரம்பணு சில மெது இழைகளை இயக்கும், பெரிய நரம்பணு நூற்றுக்கணக்கில் வேக இழைகளை இயக்கும்.

மூளை எப்போதும் சிறியதிலிருந்து பெரியதுக்குத்தான் அழைக்கும். நடக்கும்போது மெது இழைகள் போதும். ஓட்டம் கூடக்கூட 2ஏ சேரும். முழு வேகம், பெரிய எடை, திடீர்த் தாவல் ஆகியவற்றில்தான் 2எக்ஸ் எழும். தாவும்போதுகூட வரிசை மாறுவதில்லை, எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எழுந்துவிடுவதால் ஒன்றாக எழுவதுபோல் தோன்றுகிறது.

வேக இழைகளை எழுப்ப மூன்று வழிகள் உண்டு: அதிக விசை, அதிக வேகம், அல்லது முதலில் எழுந்தவை சோர்ந்து கைவிடும்வரை தொடர்வது. மூன்றாவது வழியில் 200 பஸ்கி எடுத்தாலும் கடைசியில் வேக இழைகள் எழும், தசையும் வளரும். ஆனால் அவை எழுவது உடம்பு களைத்து, அசைவு மந்தமான பிறகு. 100 மீட்டருக்கும் தாண்டலுக்கும் தேவை வேகமாக விசை தரும் பழக்கம். களைப்பில் செய்வது அந்தப் பழக்கத்தைக் கற்றுத்தராது.

3. தொடங்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

12 வாரம் வேண்டும். 8 வாரம்தான் இருக்கிறதென்றால் 5ஆம் பகுதியை இரண்டு வாரமாகவும் 7ஆம் பகுதியின் எல்லாக் கட்டங்களையும் சேர்த்து ஐந்து வாரமாகவும் சுருக்கி, கடைசி வாரத்தைப் பயிற்சியின் அளவைக் குறைப்பதற்கு வையுங்கள். 6ஆம் பகுதியில் கைவைக்காதீர்கள்.

தூரம் அளந்த மைதானம் முக்கியம். 400 மீட்டர் தடமென்றால் 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று, 200 மீட்டர் தடமென்றால் ஏழரைச் சுற்று. பள்ளி மைதானத்தை ‘சுமார் 200’ என்று நம்பாமல் அளவு நாடாவால் அளந்து கல் ஊன்றுங்கள். சுற்றுக்கு 10 மீட்டர் குறைந்தால் 1500இல் 75 மீட்டர் குறையும், அது 20 விநாடி. வீட்டு மைதானத்தில் 6:50 ஓடியவர் தேர்வில் 7:10இல் வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுற்று நேரம் காட்டும் ஸ்டாப்வாட்ச், குதிகாலில் மெத்தென்ற ஓட்டக் காலணி, ஒரு நோட்டு, சற்றே சரிவான குளக்கரையோ பாலத்தின் ஏற்றமோ, கயிறு அல்லது புல்-அப் கம்பி. இவை போதும்.

நெஞ்சுவலி, ஓடும்போது மயக்கம், இளவயதில் திடீர் இதய மரணம் நேர்ந்த குடும்பம் என்று எதுவும் இருந்தால் முதல் ஓட்டத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

4. தொடக்க நிலையை அளந்து எழுதுங்கள்

இரண்டு நாள் ஒதுக்குங்கள், இடையில் 48 மணி நேரம் விடுங்கள். முதல் நாள் உடம்பைச் சூடாக்கிவிட்டு, நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுங்கள். மூன்று முறையில் சிறந்ததை எழுதுங்கள். பிறகு 100 மீட்டர் ஒரே ஒருமுறை. இரண்டாம் நாள் 1500 மீட்டர், ஒவ்வொரு சுற்று நேரத்தோடும். ஒரே நாளில் எல்லாம் செய்தால் பின்னால் வருவதில் களைப்பைத்தான் அளப்பீர்கள்.

இப்போது ஒரு கணக்கு. 7 நிமிடத்தில் 1500 என்பது 100 மீட்டருக்கு 28 விநாடி. உங்கள் 100 மீட்டர் 14 விநாடி என்றால் உச்ச வேகத்தில் பாதியில் ஓடினால் போதும். 17 விநாடி என்றால் அதே 1500ஐ உச்ச வேகத்தில் 60 சதவீதத்துக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். அதாவது ஒவ்வோர் அடியிலும் கூடுதலான வேக இழைகள் எழும், சீக்கிரம் சோரும். வேகப் பயிற்சி 100 மீட்டருக்கு மட்டும்தான் என்று ஒதுக்குகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

சுற்று நேரங்களையும் பாருங்கள். முதல் சுற்றைவிட மூன்றாம் சுற்று 10 விநாடிக்கு மேல் கூடியிருந்தால், உங்கள் முதல் நோய் உடல்திறன் அல்ல, தொடக்க வேகம். அதற்கு 11ஆம் பகுதியில் வழி இருக்கிறது.

5. வாரம் 1 முதல் 4 வரை: மெது இழையின் அடித்தளம்

வாரத்துக்கு மூன்று நாள், 25 நிமிடத்தில் தொடங்கி 40 நிமிடம் வரை, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டிரண்டு சொல்லாக வெட்டினால் வேகம் அதிகம். நாடி பார்ப்பவர்கள் 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்து, அதில் 65 முதல் 75 சதவீதத்தில் நில்லுங்கள். 22 வயதுக்கு உச்சம் ஏறத்தாழ 193, ஓட வேண்டியது நிமிடத்துக்கு 125 முதல் 145 வரை.

1500 மீட்டருக்கு வேண்டிய ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆக்சிஜன் வழியாகவே வருகிறது. மெல்ல ஓடும்போது மெது இழைகளில் மைட்டோகாண்ட்ரியா பெருகும், சுற்றிலும் நுண்குழாய்கள் கூடும். சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் சிதைக்கும்போது உண்டாகும் லாக்டேட்டை வேக இழைகள் வெளிவிடும், அதைப் பக்கத்து மெது இழைகள் வாங்கி எரிபொருளாக்கிக்கொள்ளும். லாக்டேட் கழிவு என்பது பழைய எண்ணம். மறுநாள் வரும் தசைவலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த வலி பழக்கமில்லாத இழுப்பால் இழைகளில் நேரும் நுண்ணிய சேதத்தால் வருவது, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சம் தொடும்.

இந்தக் கட்டத்தில் எல்லாரும் செய்யும் பிழை, மெல்ல ஓடக் கூச்சப்படுவது. பக்கத்தில் ஒருவர் முந்தினால் உடனே வேகம் கூட்டுவார்கள். அந்த நடுத்தர வேகம் அடித்தளத்துக்கு அதிகம், வேகப் பயிற்சிக்குப் போதாது. மறுநாள் கால்களையும் கனக்க வைக்கும். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் ஆனாலும் பரவாயில்லை, முந்துகிறவரைப் போகவிடுங்கள்.

இரண்டு ஓட்டங்களின் முடிவில் மட்டும் 80 மீட்டரை நான்கு முறை, முழு வேகத்தில் முக்கால் பங்கில், இறுக்கமின்றி ஓடுங்கள், இடையில் நடந்து திரும்புங்கள். வேக இழைகளின் நரம்புப் பாதை மறந்துபோகாமலிருக்க இது போதும்.

தசை சில வாரத்தில் தேறிவிடும், நாணும் எலும்பும் மெதுவாகத்தான் பலப்படும். கணைக்காலின் முன் எலும்போரம் வலி தொடங்கினால் தார்ச்சாலையை விட்டு மண்ணுக்கு மாறி, ஓட்ட நேரத்தைப் பாதியாக்குங்கள். ஒரே புள்ளியில் தொட்டால் வலி என்றால் ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

6. வாரம் 3 முதல்: வேக இழைக்கு முழு வேகம், முழு ஓய்வு

அதிகம் தடுமாறும் இடம் இதுதான், அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முழு வேகத்தில் ஓடத் தொடங்கியதும் தசையில் தயாராக இருக்கும் ஏ.டி.பி. (தசை நேரடியாகச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு) இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். உடனே கிரியேட்டின் பாஸ்பேட் கைகொடுக்கும், அதுவும் 10 விநாடிக்குள் பெரும்பாலும் வற்றிவிடும். மீண்டும் நிரம்புவதில் பாதி சுமார் அரை நிமிடத்தில் நடந்துவிடும், மீதி நிரம்ப 3 முதல் 5 நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த ஓட்டத்தைத் தொடங்கினால் 2எக்ஸ் இழைகள் பாதிக் கொள்ளளவில் ஓடும், வேகம் குறையும். அது மூச்சுப் பயிற்சி ஆகிவிடும், வேகப் பயிற்சி ஆகாது.

கணக்கு எளிது: முழு வேகத்தில் 10 மீட்டருக்கு 1 நிமிடம் ஓய்வு. 30 மீட்டருக்கு 3 நிமிடம், 60 மீட்டருக்கு 6 நிமிடம். உட்காராமல் மெல்ல நடந்துகொண்டிருங்கள். இந்த ஓய்வு சோம்பல்போலத் தெரியும், பக்கத்தில் நிற்பவர்கள் கேலிகூடச் செய்யலாம். விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாரம் 3, 4: குளக்கரைச் சரிவில் மேல்நோக்கி 8 விநாடி, ஆறு முறை. ஏற்றத்தில் கால் முழுதாக நீளாததால் பின்தொடை கிழியும் ஆபத்து குறைவு, விசையோ முழுதாக வேண்டியிருக்கும். புதியவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

வாரம் 5 முதல் 8: சமதரையில் 30 மீட்டர் நான்கு முறை, 60 மீட்டர் இரண்டு முறை. வாரம் 9 முதல் 11: 30 மீட்டர் மூன்று, 60 மீட்டர் ஒன்று, 80 மீட்டர் ஒன்று. ஒரு நாளில் மொத்தம் 300 மீட்டரைத் தாண்ட வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள், இடையில் 48 மணி நேரம்.

ஒவ்வோர் ஓட்டத்தையும் நேரம் பாருங்கள். 30 மீட்டருக்கு எடுக்கும் நேரம் 0.2 விநாடி கூடினால் அன்றைய வேகப் பயிற்சி முடிந்தது, எத்தனை பாக்கி இருந்தாலும் நிறுத்துங்கள். கைக்கடிகாரத்தில் பிடிக்கும் நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும் என்பதால் இரண்டு முறை தொடர்ந்து கூடுகிறதா என்று பார்த்து முடிவெடுங்கள்.

உடம்பைச் சூடாக்குவதில் 15 நிமிடம் குறையக் கூடாது: 5 நிமிட மெல்லோட்டம், கால் வீச்சு, முழங்கால் உயர்த்தி ஓடுதல், பிறகு 40 மீட்டரை 60, 75, 90 சதவீத வேகத்தில் ஒவ்வொருமுறை. சூடான தசை வேகமாகச் சுருங்கும். இதைத் தாவி நேரே முழு வேகத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் பின்தொடையில் ‘சுளீர்’ என்று பிடிக்கிறது.

தாண்டலும் இந்த நாட்களில்தான். நீளம் தாண்டும்போது உந்துகால் தரையில் இருப்பது ஒரு விநாடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். தசை தன் உச்ச விசையை எட்டவோ அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நேரம் வேண்டும். எனவே எவ்வளவு பலம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் பலம் என்பதே தூரத்தைத் தீர்மானிக்கும். 30 மீட்டர் ஓட்டங்கள் முடிந்ததும் குறுகிய ஓட்டத்தோடு ஆறு தாண்டல், ஒவ்வொன்றுக்கும் இடையில் 2 நிமிடம். அதற்குமேல் தாண்டினால் உந்துகால் பலகையில் விழும் இடம் பிசகத் தொடங்கும்.

7. வாரம் 5 முதல் 11 வரை: 2ஏ இழைக்கு 1500இன் வேகம்

இலக்கை 7 நிமிடத்தில் வைக்காதீர்கள், 6 நிமிடம் 40 விநாடியில் வையுங்கள். தேர்வு நாளில் கூட்டம், காத்திருப்பு, வெயில், பதற்றம் எல்லாம் 10 முதல் 15 விநாடியைத் தின்றுவிடும். 6:40க்கு 400 மீட்டர் 107 விநாடி, 200 மீட்டர் 53, 100 மீட்டர் 27க்குச் சற்று உள்ளே.

வாரம் 5, 6: 400 மீட்டர் ஐந்து முறை, 107 விநாடியில், இடையில் 2 நிமிட நடை. வாரம் 7, 8: ஆறு முறை, ஓய்வு 90 விநாடி. வாரம் 9, 10: 600 மீட்டர் நான்கு முறை, 160 விநாடியில், ஓய்வு 2 நிமிடம். வாரம் 11: 1000 மீட்டர் ஒன்று 4 நிமிடம் 27 விநாடியில், 4 நிமிடம் நடந்துவிட்டு 400 மீட்டர் இரண்டு. வாரத்தில் ஒரே ஒரு நாள்.

இங்கே ஓய்வு குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கிரியேட்டின் பாஸ்பேட் முழுதாக நிரம்பாத நிலையில் 2ஏ இழை ஆக்சிஜன் வழியை நாடியே ஆக வேண்டும். அதற்கான நொதிகளும் மைட்டோகாண்ட்ரியாவும் அதனுள் பெருகும். கூடவே 2எக்ஸ் இழைகளில் ஒரு பங்கு 2ஏ ஆக மாறத் தொடங்கும். இது எந்தக் கடும் பயிற்சியிலும் நடக்கும், எடைப் பயிற்சியிலும்கூட. பயப்பட வேண்டாம், அந்த 2ஏ இழைகளைப் பெரிதாகவும் வேகமாகவும் வைத்திருக்கத்தான் 6ஆம் பகுதியை விடாமல் தொடரச் சொல்கிறோம். மெது இழை வேக இழையாகவோ வேக இழை மெது இழையாகவோ முழுதாக மாறுவது சில மாதப் பயிற்சியில் எதிர்பார்க்கக் கூடியதல்ல.

வழக்கமான பிழை, முதல் 400ஐ 95 விநாடியில் பாய்ந்து, கடைசியை 120இல் இழுப்பது. சராசரி சரியாக வந்தாலும் பயிற்சி வீண். முதல் ஓட்டத்திலேயே 2எக்ஸ் இழைகளைக் கூப்பிட்டுச் சோர்த்துவிட்டு, மீதியைத் தேர்வில் ஓடப்போகாத வேகத்தில் ஓடியிருப்பீர்கள். எல்லா ஓட்டமும் 2 விநாடி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். 200 மீட்டர் குறியில் ஒருவரை நிறுத்தி நேரம் சொல்லச் செய்தால் இரண்டு வாரத்தில் வேகம் காலுக்குப் பிடிபட்டுவிடும்.

8. எடையும் கயிறும்

ஜிம் வசதி இருந்தால் வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்குவாட் (எடையோடு குந்தி எழுதல்), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்குதல்). முதல் நான்கு வாரம் 10 ரெப் (தொடர்ந்து 10 முறை) தூக்க வரும் எடையில் உத்தி பழகுங்கள். பிறகு அதிகபட்சத்தில் 80 முதல் 85 சதவீதத்தில் 4 ரெப், 4 செட், இடையில் 3 நிமிடம். தொடைபோன்ற பெரிய தசைகளில் ஏறத்தாழ எல்லா இயக்க அலகுகளும் எழுவது இந்த அளவு விசையில்தான். இறங்குவது நிதானமாக, எழுவது முடிந்த வேகத்தில். அதிகபட்சத்தைத் தூக்கிப் பார்க்கத் தேவையில்லை: 5 முறை தூக்க முடிந்த எடையை 1.17ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட வரும்.

ஜிம் இல்லையா, குந்தி எழும்பித் துள்ளல் 5 ரெப், 4 செட், ஒற்றைக்காலில் திண்ணை ஏறுதல், முதுகில் மணல் பை. துள்ளலில் எடை குறைவானாலும் வேகத்தால் வேக இழை எழும்.

கயிற்றில் தோற்பவர்களில் பலருக்கு முதுகுத்தசையில் பலம் இருக்கும், பிடி விட்டுவிடும். இறுகப் பிடிக்கும்போது முன்கைத் தசையின் அழுத்தம் ரத்த ஓட்டத்தை நெருக்கிவிடுவதால் மெது இழைகளுக்கு ஆக்சிஜன் குறையும், சுமை வேக இழைகளுக்கு மாறும், அவை சீக்கிரம் கைவிடும். ஆகவே கயிற்றில் நின்று யோசிக்கக் கூடாது, தொடர்ந்து ஏற வேண்டும். பயிற்சிக்குப் புல்-அப் 3 முதல் 5 ரெப் நான்கு செட், கம்பியில் துண்டு போட்டு அதைப் பிடித்து 15 விநாடி தொங்குதல் நான்கு முறை. புல்-அப் வராதவர்கள் ஸ்டூலில் ஏறி, மேலிருந்து 5 விநாடி எடுத்துக்கொண்டு இறங்கிப் பழகுங்கள்.

ஓர் எச்சரிக்கை. புதிதாக வந்தவரை முதல் நாளிலேயே 300, 500 பஸ்கி எடுக்க வைப்பது ஆபத்து. இழைகள் பெருமளவில் சிதைந்து உள்ளிருப்பது ரத்தத்தில் கலந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். கடும் தசைவலியோடு சிறுநீர் டீ நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

9. ஒரு நாளுக்குள்ளும் வாரத்துக்குள்ளும் வரிசை

ஒரு நாளுக்குள்: சூடாக்கல், முழு வேக ஓட்டம், தாண்டல், எடை அல்லது கயிறு, கடைசியில்தான் மெல்லோட்டம். களைப்பு இல்லாதபோது மட்டுமே செய்யக்கூடியது முதலில் வர வேண்டும். மெது இழைகள் எந்த நிலையிலும் வேலைக்கு வரும். வேக இழைகள் புத்துணர்வோடு இருக்கும்போதுதான் முழுதாக எழும்.

வாரத்துக்குள், 5ஆம் வாரம் முதல்: திங்கள் வேகமும் எடையும். செவ்வாய் 30 நிமிட மெல்லோட்டம். புதன் 400 மீட்டர் ஓட்டங்கள். வியாழன் ஓய்வு. வெள்ளி வேகம், தாண்டல், எடை, கயிறு. சனி 45 நிமிட மெல்லோட்டம். ஞாயிறு ஓய்வு. வேலைக்குப் போகிறவர்கள் செவ்வாய் ஓட்டத்தை விடலாம், திங்களையும் புதனையும் விட வேண்டாம்.

ஓட்டத்தையும் எடையையும் பிரிக்க முடிந்தால் காலை, மாலை என்று 6 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நீண்ட ஓட்டத்தை முடித்த கையோடு வெடிப்பாகச் செய்யும் எடைப் பயிற்சி சோபிக்காது.

10. சாப்பாடும் தூக்கமும்

வேக இழைகளின் எரிபொருள் கிளைகோஜன், அது வருவது மாவுச்சத்திலிருந்து. எடை குறைக்கிறேன் என்று சோறு, இட்லியை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்பவர்களுக்கு மெது இழைகளின் கிளைகோஜனும் சீக்கிரம் தீர்ந்து, சாதாரண வேகத்துக்கே வேக இழைகள் எழ வேண்டி வரும். கால் ஈயமாகக் கனப்பது அதனால்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 300 கிராம் மாவுச்சத்து வேண்டும். 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் இருக்கிறது, வாழைப்பழம் ஒன்றில் 25.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம், 60 கிலோவுக்கு 96. முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 20. சோறு, பருப்பு, தயிரிலும் கொஞ்சம் சேரும். 8 மணி நேரத் தூக்கம் இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் முழுப்பலன் தராது.

11. கடைசி 8 நாளும் தேர்வு நாளும்

8 நாள் முன்பு கடைசியாக 1500ஐ ஓடிப் பாருங்கள். அதற்குப் பிறகு தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். 400 மீட்டர் இரண்டு, 30 மீட்டர் மூன்று என்று சிறு அளவு போதும். ஒரு வாரக் குறைப்பில் மைட்டோகாண்ட்ரியா கரைந்துவிடாது, வேக இழைகளின் களைப்போ நீங்கிவிடும். கடைசி 4 நாள் எடை தூக்க வேண்டாம். முந்தின நாள் 15 நிமிட மெல்லோட்டம், வழக்கமான சாப்பாடு.

தேர்வு நாளில் 2 மணி நேரத்துக்கு முன் நாலு இட்லி, வாழைப்பழம். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வலி தெரியாமலிருக்க டைக்ளோஃபெனாக் போன்ற ஊசி போட்டுக்கொண்டு ஓடுவோர் உண்டு. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், காயத்தையும் மறைக்கும்.

1500 தொடங்கியதும் கூட்டம் முதல் 100 மீட்டரைப் பாயும். நீங்கள் பாயாதீர்கள். முதல் 200 மீட்டரை 53 விநாடிக்குக் குறையாமல் ஓடுங்கள், பின்தங்கியதுபோல் தெரியும். தொடக்கத்தில் பாய்ந்தவர்களின் வேக இழைகளில் அமிலத்தன்மையும் பாஸ்பேட்டும் ஏறி, இரண்டாம் சுற்றிலேயே விசை குறையும். மூன்றாம் சுற்றில் அவர்களை ஒவ்வொருவராகக் கடப்பீர்கள். கடைசி 200 மீட்டரில்தான் மீதமிருக்கும் 2எக்ஸ் இழைகளைக் கூப்பிட வேண்டும். கையை வேகமாக வீசினால் கால் பின்தொடரும்.

ஓட்டம் முடிந்ததும் உட்காராதீர்கள், 10 நிமிடம் நடங்கள். உழைக்கும் மெது இழைகள் ரத்தத்தில் தேங்கிய லாக்டேட்டை எரித்துக்கொள்ளும். அதே நாளில் கயிறோ தாண்டலோ இருந்தால் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு நிழலில் இருங்கள். உங்கள் பெயர் கூப்பிடும் வரிசையைக் கணக்கிட்டு, 10 நிமிடம் முன்பு எழுந்து முழங்கால் உயர்த்தி ஓடி, 20 மீட்டரை இரண்டு முறை வேகமாக ஓடிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு நேரே உந்துபலகைக்குப் போகும் கால், பயிற்சியில் தாண்டிய தூரத்தைத் தராது.